மருத்துவர்களை உருவாக்கிய மருத்துவர்

1890களின் தொடக்கத்தில் திண்டிவனத்து மருத்துவப்பணி இல்லம் ஒன்றின் கதவை ஒரே இரவில் மூவர் தட்டினர். மூவரும் தனித்தனியே வந்தவர்கள். வெவ்வேறு சமூகத்தைச் சேர்ந்தவர்கள். மூவர் வீட்டிலும் பேறுகால வேதனையில் மனைவி உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தாள். மருத்துவம் அறிந்தவரான தந்தையை அழைத்துச் செல்லுமாறு அவ்வில்லத்தின் இளம்பெண் ஐடா ஒவ்வொருவரையும் வேண்டினார். தம் வீட்டுப் பெண்ணை அயல் ஆடவர் தொட்டு மருத்துவம் பார்ப்பதை அம்மூவருமே ஏற்கவில்லை. அவர்கள் நாடி வந்தது ஐடாவை. அவருக்கோ மருத்துவம் தெரியாது. பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோயினர்.

மருத்துவம் ஐடா ஸ்கடரின் குடும்பத்துக்குப் புதிதன்று. பாட்டனார் ஜான் ஸ்கடர் 1819ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து இலங்கைக்கு வந்து, பின்னர்த் தமிழகத்தில் மருத்துவப் பணியாற்றியவர். தந்தையும் அவ்வழியே சென்றார். 1870 டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா, சிறுமியாக இருந்தபோதே பஞ்சத்தின் கொடுமையைக் கண்ணால் கண்டார். அக்காட்சிகளிலிருந்து விலகிச் செல்லவே அவர் விரும்பினார். அமெரிக்காவில் கல்வி, அங்கேயே இல்வாழ்க்கை என்பதே அவரது கனவு. உடல்நலம் குன்றிய அன்னைக்குத் துணையாகச் சிறிது காலம் இருந்துவிட்டுத் திரும்பலாம் என்ற எண்ணத்துடன்தான் திண்டிவனத்துக்கு வந்திருந்தார். அந்த ஓர் இரவு அக்கனவைக் கலைத்தது.

மருத்துவம் கற்பதற்காகவே அவர் மீண்டும் அமெரிக்கா சென்றார். பிலடெல்பியாவில் பெண்களுக்கென இயங்கிய மருத்துவக் கல்லூரியில் பயிலத் தொடங்கினார். கார்னெல் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி 1898இல் பெண்களுக்கும் இடமளித்தபோது இறுதியாண்டுப் படிப்புக்கு அங்கு மாறி, 1899இல் பட்டம் பெற்றார். வேலூரில் பெண்களுக்கு ஒரு மருத்துவமனை கட்ட 8,000 டாலர் திரட்டிவருமாறு அவரிடம் கூறப்பட்டிருந்தது. நியூயார்க்கு வங்கியாளர் ஷெல், மறைந்த தம் மனைவி மேரி டேபரின் நினைவாக 10,000 டாலர் வழங்கினார்.

1900ஆம் ஆண்டின் முதல் நாளில் ஐடா இந்தியா வந்து சேர்ந்தார். தந்தையிடம் சில ஆண்டுகள் பணி பழகலாம் என்று எண்ணியிருந்தார். தந்தையோ அவ்வாண்டிலேயே காலமானார். அனுபவமற்ற இளம் மருத்துவரிடம் வர மக்கள் முதலில் தயங்கினர். வீட்டின் சிறிய அறையே மருந்தகமாயிற்று. வீட்டில் பணிபுரிந்த சலோமி என்னும் பெண்மணியே உதவியாளரானார். தயக்கம் நீங்கிய பின்னர்க் கூட்டம் பெருகியது. 1902இல் நாற்பது படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. 1909இல் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது.

ஆயினும் ஓர் எளிய கணக்கு ஐடாவை வருத்தியது. ஒரு மருத்துவர் எத்தனை நோயாளிகளைப் பார்க்க இயலும்? வேலூருக்கு வந்து சேர இயலாத சிற்றூர்ப் பெண்களுக்கு யார் துணை? சென்னை மருத்துவக் கல்லூரி 1875லேயே பெண்களைச் சேர்த்திருந்தது. லூதியானாவில் எடித் பிரௌன் 1894இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கியிருந்தார். முத்துலெட்சுமி அம்மையார் 1912இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றார். எனினும் தேவையின் பரப்போடு ஒப்பிட, பயிற்சி பெற்ற பெண்கள் மிகச் சிலரே. தென்னகத்தில் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவப் பள்ளி வேண்டும் என்று ஐடா முடிவு செய்தார்.

மாகாண மருத்துவத் துறையின் தலைவராக இருந்த கர்னல் பிரைசன், இம்முயற்சி வெல்லும் என்று எளிதில் நம்பவில்லை. ஆறு பெண்களேனும் முன்வந்தால் தொடங்கலாம் என்று இசைந்தார். விண்ணப்பித்தோர் 151 பேர்! அவர்களுள் பதினெழுவரைத் தேர்ந்து, 1918 ஆகஸ்ட் 12ஆம் நாள் பள்ளி திறக்கப்பட்டது. சொந்தக் கட்டடம் இல்லை. ஆசிரியர் எண்ணிக்கையும் குறைவு. முதலாண்டுத் தேர்வு வந்தது. ஆண்கள் பயின்ற பள்ளிகளில் தேறியோர் ஐவரில் ஒருவர் என்ற அளவிலேயே இருந்தனர். வேலூரிலிருந்து சென்று தேர்வெழுதிய பதினான்கு மாணவியரும் தேறினர். 1922இல் முதல் அணியினர் எல்.எம்.பி. என்னும் பட்டயம் பெற்று வெளிவந்தனர்.

ஐடாவின் கற்பித்தல் வகுப்பறைக்குள் அடங்கவில்லை. குடியாத்தம் சாலையில் மரநிழல்களே அவருக்கு மருந்தகங்கள். மாணவியரும் அங்கே உடன் சென்றனர். புண்ணைக் கழுவுவது முதல் நோயைக் கணிப்பது வரை அவர்கள் கைப்படச் செய்தாக வேண்டும். ஆடவர் கூட்டத்தின் நடுவே நின்று, அஞ்சாமல் பேசி, முடிவெடுத்து, அம்முடிவுக்குப் பொறுப்பேற்கும் பழக்கம் அந்தச் சாலையோரத்தில்தான் வாய்த்தது. வீட்டைவிட்டு வெளியே வருவதே அரிதாயிருந்த காலத்துப் பெண்களுக்குப் பாடநூலினும் பெரிய பயிற்சி அது எனலாம்.

1930களின் இறுதியில் பேரிடர் ஒன்று வந்தது. பட்டயப் பள்ளிகள் இனித் தேவையில்லை. மருத்துவக் கல்வி பல்கலைக்கழகப் பட்டப்படிப்பாகவே அமைய வேண்டும் என்று மாகாண அரசு முடிவெடுத்தது. அம்முடிவில் நியாயமும் இருந்தது. கல்வியின் தரம் உயர வேண்டும் என்பதே அதன் நோக்கம். வேலூருக்கோ அது வாழ்வா சாவா என்னும் வினா. எம்.பி.பி.எஸ். கல்லூரியாக உயர, மேற்பட்டம் பெற்ற பேராசிரியர்களும் புதிய ஆய்வகங்களும் கூடுதல் படுக்கைகளும் வேண்டும். அத்தனைக்கும் பெருஞ்செல்வம் வேண்டும். உலகப்போர் மூண்டிருந்தது, ஐடா எழுபது வயதைக் கடந்திருந்தார். 1941இல் அவர் நிதி திரட்ட அமெரிக்கா சென்று, ஊர் ஊராகப் பேசினார்.

பணத்தைவிடக் கடினமான சிக்கல் வேறொன்று. ஆண்களுக்கெனத் தனியே ஒரு கிறித்தவ மருத்துவக் கல்லூரி அமைக்கும் திட்டம் நெடுநாளாக இருந்தது. ஆண்களையும் சேர்த்து இருபாலர் கல்லூரியாக்கினால் பல திருச்சபைகளின் உதவி கிடைக்கும், நிறுவனம் பிழைக்கும். ஆனால் பெண்களுக்காக என்று சொல்லி, அமெரிக்கப் பெண்களிடம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தால் வளர்ந்ததல்லவா வேலூர்? அந்நிதியைத் திரட்டுவதில் முன்னின்ற நெடுநாள் தோழி லூசி பீபாடி இம்மாற்றத்தை ஏற்கவில்லை. ஆண்கள் வந்தால் பெண்களின் இடம் சுருங்கிவிடும் என்னும் அச்சம் பொருளற்றதன்று. ஐடாவும் நீண்ட காலம் தயங்கினார். கல்லூரியே மூடப்பட்டால் பெண்களுக்கு அந்த இடமும் இராது என்பதை எண்ணி, இறுதியில் இசைந்தார். நட்பில் விழுந்த அந்தக் காயம் அவரை வெகுவாக வருத்தியது.

1942இல் வேலூர் எம்.பி.பி.எஸ். கல்லூரியாக உயர்ந்தது. 1947இல் ஆண்கள் சேர்க்கப்பட்டனர். தாம் நட்ட மரத்தின் நிழலைத் தாமே காத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று ஐடா எண்ணவில்லை; 1946இல் பொறுப்புகளிலிருந்து ஓய்வு பெற்றார்.

1948இல் இயக்குநர் பொறுப்பை ஏற்றவர் மருத்துவர் ஹில்டா லாசரஸ். விசாகப்பட்டினத்தில் பிறந்து சென்னையில் மருத்துவம் பயின்றவர். மகளிர் மருத்துவப் பணித்துறையில் அமர்த்தப்பட்ட முதல் இந்தியப் பெண். வேலூரின் முதல் இந்திய இயக்குநரும் அவரே. ஆண்கள் கல்லூரிக்குள் வந்த மறு ஆண்டிலேயே, பேராசிரியர்களான ஆடவரையும் வழிநடத்தும் தலைமை இருக்கையில் ஓர் இந்தியப் பெண் அமர்ந்தார். லூசி பீபாடியின் அச்சத்துக்கு இதனை ஒரு விடை எனலாம். முழுமையான விடை என்று சொல்லிவிட முடியாது. ஹில்டா 1954 வரை அப்பொறுப்பில் இருந்தார். அவர் காலத்தில், 1950இல், பல்கலைக்கழகத்தின் நிலையான ஏற்பு கிடைத்தது.

ஐடா கோடைக்கானல் மலையில் தம் இல்லத்தில் வாழ்ந்தார். முதுமையிலும் டென்னிசு ஆடுவதை அவர் விட்டாரில்லை. கல்லூரியின் வளர்ச்சியைக் கண்டு மகிழ்ந்தவாறே, 1960 மே 24ஆம் நாள், தம் 89ஆம் வயதில் அங்கே மறைந்தார்.