பிளெமிங்கின் முதற் கண்டுபிடிப்பு

சேர் அலெக்ஸாண்டர் பிளெமிங்கின் பெயரைக் கேட்டதும் பெனிசிலினே நினைவுக்கு வரும். அதற்கு ஏழாண்டுகள் முன்னரே அவர் கண்டறிந்த லைசோசைம் அதிகம் பேசப்படுவதில்லை. மருந்துகளுக்கு அடங்காத பற்றீரியாத் தொற்றுகள் 2019ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் உயிர்களைப் பறித்ததாக மதிப்பிடப்பட்டுள்ள நிலையில், அந்த முதற் கண்டுபிடிப்பு மீண்டும் கவனத்துக்குரியதாகின்றது.

ஸ்கொட்லாந்தின் விவசாயக் குடும்பமொன்றில் 1881இல் பிறந்த பிளெமிங், தமது வாழ்நாளின் பெரும்பகுதியை லண்டன் சென். மேரிஸ் வைத்தியசாலை ஆய்வுகூடத்திலேயே கழித்தார். முதலாம் உலக யுத்தத்தின்போது பிரான்சின் புலோன் நகரில், காயமடைந்த படையினரிடையே பணியாற்றினார். ஆழமான காயங்களில் ஊற்றப்பட்ட கிருமிநாசினிகள், கிருமிகளைவிட உடலைக் காக்கும் வெண்குருதிக் கலங்களையே அதிகம் அழித்ததை அங்கு அவர் கண்டார்.

1921இல் தடிமன் பிடித்திருந்த வேளையில் தமது மூக்குச் சளியையே ஆய்வுத் தட்டில் இட்டார். தட்டில் வளர்ந்த ஒருவகைப் பற்றீரியா சளியின் அருகே மட்டும் வளரவில்லை. சளியிலிருந்த நொதியமொன்று பற்றீரியாவின் கலச்சுவரை உடைத்துக் கரைத்தது. கண்ணீரிலும் உமிழ்நீரிலும் கோழிமுட்டையின் வெண்கருவிலும் அதுவே இருந்தது. ஆய்வுக்குக் கண்ணீர் போதாதபோது ஆய்வுகூடத்தாரின் கண்களில் எலுமிச்சைச் சாறு பிழியப்பட்டதாம்! ஆயினும் கொடிய நோய்க்கிருமிகள் பலவற்றிடம் லைசோசைம் பலிக்கவில்லை. மருத்துவ உலகமும் அதனைப் பொருட்படுத்தவில்லை.

1927இல் பிளெமிங்கும் அவரது சகாவான அலிசனும் வெளியிட்ட ஆய்வு இன்னும் முக்கியமானது. லைசோசைமுக்குத் தொடர்ந்து முகங்கொடுத்த பற்றீரியாக்கள் அதனை எதிர்த்து வாழப் பழகிக்கொண்டன என்பதை அது காட்டிற்று. பெனிசிலின் கண்டறியப்பட்டதோ அடுத்த ஆண்டில்தான். 1945இல் புளோரி, செயின் ஆகியோருடன் நோபல் பரிசைப் பெற்றபோது, குறைந்த அளவில் மருந்தை உட்கொள்வது கிருமிகளுக்கு எதிர்ப்பாற்றலை ஊட்டிவிடும் என அவர் எச்சரித்தார். அது வெறும் ஊகமன்று. புளோரியைப் பெனிசிலின்பால் இட்டுச் சென்றதும் லைசோசைம் ஆய்வே.

பிளெமிங் 1955இல் காலமானார். உயிரினங்களின் உடலிலேயே கிருமிக்கெதிரான ஆயுதங்களைத் தேடும் முயற்சி, 1981இல் சுவீடனின் போமன் அந்துப்பூச்சியிலும், 1987இல் அமெரிக்கரான சாஸ்லொஃப் ஆபிரிக்கத் தவளையின் தோலிலும் கண்டறிந்த சிறு பெப்தைட்டுகளால் புத்துயிர் பெற்றது. தவளைப் பெப்தைட்டை ஒட்டி உருவாக்கப்பட்ட களிம்புக்கு 1999இல் அமெரிக்காவில் அனுமதி கிடைக்கவில்லை. இத்தகைய பெப்தைட்டுகள் பல உடலினுள் விரைவிற் சிதைந்துவிடுகின்றன. அளவு மிஞ்சினால் நோயாளியின் கலங்களையும் தாக்குகின்றன. புலோனில் பிளெமிங் கண்ட அதே சிக்கல்தான்.