ஜான்ஸனும் ஒரு பென்னியும்

ஆங்கில அகராதியால் புகழெய்திய ஸாமுவேல் ஜான்ஸன், 1709-ஆம் ஆண்டு லிச்பீல்டில் ஒரு புத்தக வியாபாரியின் மகனாய்ப் பிறந்தார். வறுமையால் ஆக்ஸ்போர்டுக் கல்வி இடையில் நின்றது. மனைவியின் பொருளால் தொடங்கிய பள்ளியும் நிலைக்கவில்லை. 1737-இல் மனைவியை ஊரில் விட்டு, மாணாக்கர் காரிக்குடன் லண்டன் புறப்பட்டார்.

செலவு மிக்க அந்நகரில் ஆண்டுக்கு 30 பவுனில் வாழும் வகையை ஐரிஷ் ஓவியர் ஒருவர் அவருக்குக் கூறியிருந்தார்: உடைக்குப் 10 பவுன்; மேல்மாடிச் சிற்றறைக்கு வாரம் 18 பென்ஸ்; இராவுணவு இல்லை; வெளுத்த சட்டை அணியும் நாளிலேயே பிறரைக் காணச் செல்வது.

ஜான்ஸன் மதுவை நீக்கி, 6 பென்ஸுக்கு இறைச்சியும் ஒரு பென்னிக்கு ரொட்டியும் உண்டார். பரிமாறுவோனுக்கும் ஒரு பென்னி ஈந்தார். மதுவுடன் ஒரு ஷில்லிங் செலவிட்ட ஏனையோர் அவனுக்கு ஒன்றும் ஈந்திலர். ஆதலின் அவர்களினும் இவருக்கே உபசாரம் மிகுந்தது.

தாம் வறியராயிருந்த அக்காலத்தும், தெருவில் உறங்கிய ஏழைச் சிறுவர் காலையில் உண்ணுமாறு அவர்கள் கையில் பென்னி வைத்துச் செல்வார். 1755-இல் அகராதி வெளிவந்தது. 1762-இல் ஆண்டுக்கு 300 பவுன் அரசாங்க உதவி கிடைத்தது. அப்போதும் ஆதரவற்றோர் பலர் அவர் வீட்டிலேயே வாழ்ந்தனர். 1784-இல் அவர் மறைந்தார்.

ஊர்விட்டு நகரம் வந்து கற்கும் நாம், காசை எண்ணிச் செலவிடுதல் தகும். பிறர்க்குரிய பென்னியைக் குறைத்தல் தகாது.