டாம் கில்பர்ன்

டாம் கில்பர்ன் (ஆகஸ்ட் 11, 1921 – ஜனவரி 17, 2001) இங்கிலாந்தைச் சேர்ந்த கணினி அறிவியலாளர் ஆவார். நினைவகத்தைப் பக்கங்களாகப் பிரித்து, அப்போதைக்குத் தேவைப்படாத பக்கங்களைக் கணினியே விடுவித்துக்கொள்ளும் முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்த குழுவிற்குத் தலைமை வகித்தார்.

வாழ்க்கை

யார்க்சயர் பகுதியிலுள்ள டியூசுபரி நகரில் பிறந்த இவர், கேம்பிரிட்ச் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்றார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942 இல், மால்வர்ன் நகரின் ரேடார் ஆய்வு நிலையத்தில் பிரெடரிக் வில்லியம்சின் கீழ்ப் பணியில் சேர்ந்தார். போருக்குப் பின் இருவரும் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் எதிர்மின் கதிர்க் குழாயில் தரவுகளைச் சேமிக்கும் முறையை உருவாக்கினர். அதனைச் சோதிக்க அமைக்கப்பட்ட 'பேபி' கணினியில் கில்பர்ன் எழுதிய நிரல் 1948 சூன் 21 அன்று இயங்கியது. மின்னணு நினைவகத்தில் சேமிக்கப்பட்டு இயங்கிய முதல் நிரலாக இது கருதப்படுகிறது. அக்கணினியின் நினைவகம் 1024 பிட்டுகளே.

அட்லசு கணினி

அக்காலத்தில் விரைவு நினைவகம் சிறியதாகவும் விலை மிக்கதாகவும் இருந்தது. காந்த உருளைகள் அதிகக் கொள்ளளவு கொண்டவை, ஆனால் மெதுவானவை. இவ்விரண்டிற்கும் இடையே தரவுகளை மாற்றும் கட்டளைகளை நிரலாளரே எழுத வேண்டியிருந்தது. இச்சுமையை நீக்குவதே கில்பர்ன் குழுவின் நோக்கமாகும்.

1962 திசம்பர் 7 அன்று தொடங்கிவைக்கப்பட்ட அட்லசு கணினியில், விரைவு நினைவகம் ஒவ்வொன்றும் 512 சொற்கள் கொண்ட 32 பக்கங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. நிரல் கேட்கும் பக்கம் அங்கு இல்லையெனில், இயக்குதளத்தின் முன்னோடியான மேற்பார்வை நிரல் அதனை உருளையிலிருந்து கொண்டுவரும். கேட்டபின் இடம் தேடினால் காலதாமதம் ஏற்படும் என்பதால், ஒரு பக்கத்திற்கான இடம் எப்போதும் காலியாக வைக்கப்பட்டது. அது நிரம்பியதும், பக்கங்களின் கடந்தகாலப் பயன்பாட்டை ஆராய்ந்து, அடுத்து வெளியேற்ற வேண்டியது எது என 'கற்கும் நிரல்' முடிவு செய்தது.

தாக்கம்

அட்லசின் மெய்நிகர் நினைவக முறை பின்னர் பல கணினிகளில் பின்பற்றப்பட்டது. இன்றைய லினக்சு கருனியில் 4 கிலோபைட்டுப் பக்கங்கள் 512 சேர்ந்து 2 மெகாபைட்டுப் பெரும்பக்கம் ஆவதுண்டு. அளவு பெருகினும், எப்பக்கத்தை எப்போது விடுவிப்பது என்னும் கேள்வி மாறவில்லை.

இறுதிக்காலம்

1964 இல் மான்செஸ்டரில் தொடங்கப்பட்ட கணினி அறிவியல் துறையின் முதல் தலைவராக இவர் பொறுப்பேற்றார். 1965 இல் அரச கழக உறுப்பினரானார். 1981 இல் ஓய்வு பெற்ற இவர், 2001 இல் தமது 79 ஆம் வயதில் மான்செஸ்டரில் காலமானார். அப்பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் கட்டடம் இவரது பெயரைத் தாங்கியுள்ளது.