கதர் உடுத்திய வைத்தியர் சுப்பாராவ்

பெனிசிலினைக் கண்ட பிளெமிங்கின் பெயரைப் பள்ளிச் சிறுவனும் அறிவான். பெனிசிலினுக்கு அடங்காத கிருமிகளையும் அடக்கவல்ல மருந்து பிறந்த ஆராய்ச்சிக் கூடத்தைத் தலைமை வகித்து நடத்தியவர், சென்னையில் கற்ற ஓர் ஏழை இந்தியர் என்பதையோ நம்மவரிலேயே பலர் அறியார். அவரே எல்லாப்பிரகட சுப்பாராவ்.

1895 ஜனவரி 12இல் பீமவரத்தில் பிறந்த அவர், திருவல்லிக்கேணி ஹிந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் வாசித்துச் சென்னை மருத்துவக் கல்லூரியை அடைந்தார். மகாத்மாவின் அழைப்பைச் சிரமேற்கொண்டு, ரண சிகிச்சைக் கூடத்திலும் கதரே உடுத்தினார். ஆங்கிலப் பேராசிரியருக்கு அது பொறுக்கவில்லை, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாகத் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே அவர் கைக்கு வந்தது. துணிக்காகப் பட்டத்தைக் குறைத்த நீதியை என்னென்பது!

உடன்பிறந்தார் இருவரைக் கிராணி நோய் சில தினங்களுக்குள் கொண்டுபோயிற்று. அத்துயரம் அவரை விடவில்லை. அமெரிக்கா சென்று ஹார்வர்டில் உழைத்தார். 1940இல் லெடர்லி மருந்து நிலையத்தில் அமர்ந்தார். அங்கே 1945இல் அவருடைய குழுவினர் செயற்கையாக ஆக்கிய போலிக் அமிலம், அந்தக் கிராணிக்கே மருந்தாயிற்று.

1948இல் வெளிவந்தது ஆரியோமைசின். மண்ணில் வாழும் பொன்னிற நுண்ணுயிரினின்று எழுபது வயது கடந்த டக்கர் என்ற தாவர சாஸ்திரி அதைக் கண்டெடுத்தார். அவரை அப்பணியில் ஏவியவர் சுப்பாராவ். டெட்ராசைக்கிளின் என்னும் மருந்துக் குலத்துக்கு அதுவே மூத்த பிள்ளை.

அக்குலத்தில் பின்னர்த் தோன்றிய டாக்சிசைக்கிளினின் அருமையை உண்ணிக் காய்ச்சல் கண்டவர் அறிவர். புதரில் வாழும் சிற்றுயிர் ஒன்றின் கடியால் வரும் இக்காய்ச்சலின் கிருமி, உடலின் உயிரணுக்களுக்குள்ளேயே ஒளிந்து வாழ்வது; பெனிசிலின் இனத்து ஊசி எத்தனை போட்டும் பயனில்லை. கடித்த இடத்தில் சிலருக்குச் சுட்ட புண்போலக் கரிய பொருக்கு காணும். சிவகாசியை அடுத்த எம். புதுப்பட்டி போன்ற பட்டாசுத் தொழில் ஊர்களில் அதைத் தீப்பொறி பட்ட வடுவென்று எளிதில் தள்ளிவிடக் கூடும். அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு முதலிய மறைவிடங்களில் தேடிப் பார்ப்பது வைத்தியரின் கடமை. சந்தேகம் வலுத்தால் ரத்தப் பரிசோதனையின் முடிவுக்குக் காத்திராது மருந்தைத் தொடங்க வேண்டும். தாமதித்தால் நுரையீரலும் சிறுநீரகமும் கெட்டு உயிருக்கே ஆபத்தாகும். வைரஸால் வரும் சளிக்காய்ச்சலுக்கோ அதே மாத்திரை வீண். கடைக்காரர் கொடுத்ததை விழுங்குவோர் இந்த வேற்றுமையை எங்ஙனம் அறிவர்? வீணே வழங்கப்பட்ட மருந்துக்குக் கிருமிகள் பழகிப்போவதையும் நாம் காண்கின்றோம்.

ஆரியோமைசின் வெளியான அதே 1948இன் ஆகஸ்டில், ஐம்பத்து மூன்றாம் வயதில், சுப்பாராவ் உறக்கத்திலேயே உயிர் நீத்தார். கால் நூற்றாண்டு அமெரிக்காவில் வாழ்ந்தும் அந்நாட்டுப் பிரஜை அவர் ஆகவில்லை.