இரண்டு மார்க் கேள்விக்குள் ஒரு மனிதர்

நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு எர்லாங் என்பது ஒரு ரெண்டு மார்க் கேள்வி. ஒரு லைன் ஒரு மணி நேரம் முழுக்க பிஸியாக இருந்தால் அது ஒரு எர்லாங். எழுதினோம், மார்க் வாங்கினோம், மறந்தோம். ஃபைனல் இயர் புராஜெக்ட்டில் ரெண்டு சர்வருக்கு வரும் போன் கால்களை எப்படிப் பிரித்து அனுப்புவது என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டபோதுதான், அது ஒரு மனுஷனோட பேர் என்றே எனக்குத் தெரிந்தது.

ஆக்னர் க்ராரப் எர்லாங், 1878 ஜனவரி 1 அன்று டென்மார்க்கில் லோன்போர்க் என்ற கிராமத்தில் பிறந்தார். அப்பா ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார். 14 வயதிலேயே கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் முதல்நிலைத் தேர்வில் பாஸ். வயது பத்தாததால் தனி அனுமதி வாங்கித்தான் எழுதினார். அப்புறம் ஊருக்கே திரும்பி அப்பாவின் பள்ளியில் ரெண்டு வருஷம் பாடம் நடத்தினார். 1901-ல் கணிதத்தில் பட்டம் வாங்கிய பிறகும் வாத்தியார் வேலைதான், ஏழு வருஷம்.

கணித சங்கக் கூட்டங்களுக்குப் போய்வந்ததில்தான் ரூட் மாறியது. அங்கே பழக்கமான ஜென்சன், கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியின் இன்ஜினியர். நம்ம மேத்ஸில் வரும் ஜென்சன் இன்ஈக்வாலிட்டி அவருடையதேதான். அவர் மூலமாக 1908-ல் எர்லாங் அந்தக் கம்பெனியில் சேர்ந்தார்.

அப்போது எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர்கள் கையால் ஒயரைச் செருகித்தான் இணைப்பு கொடுப்பார்கள். எத்தனை லைன் போடணும், எத்தனை ஆபரேட்டர் வேணும்? அதிகமாகப் போட்டால் காசு வீண். குறைத்தால் கூப்பிட்டவர் காத்துக் கிடக்கணும். கால்கள் எந்த ஒழுங்கும் இல்லாமல் வந்தாலும் அவற்றின் எண்ணிக்கை பாய்சான் பரவலுக்குள் அடங்கும் என்று 1909-ல் காட்டினார். லைன் கிடைக்காமல் போகும் வாய்ப்பு எவ்வளவு, எவ்வளவு நேரம் காத்திருக்க நேரும் என்பதற்கான ஃபார்முலாக்களை 1917-ல் வெளியிட்டார்.

ரூமுக்குள்ளேயே உட்கார்ந்து கணக்குப் போட்ட ஆளும் இல்லை. ஆரம்பத்தில் லேபுக்கு ஆள் கிடையாது. ஏணி தூக்கிய தொழிலாளி ஒருவர் பின்னால் வர, தெருத்தெருவாகப் போய் மேன்ஹோலுக்குள் இறங்கி அவரே கேபிள்களை அளந்தார்.

இப்போ எங்க புராஜெக்ட்டுக்கு வருவோம். சர்வருக்கு ஒரு க்யூ, தனித்தனியாக இருந்தால் போதும் என்று டீமில் அடம்பிடித்தது நான்தான். எர்லாங் டேபிளைப் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் ரெண்டு நிமிஷக் கால்கள் 300 வந்தால், அது 10 எர்லாங். நூற்றில் ஒரு காலுக்கு மேல் திரும்பிப் போகக்கூடாது என்றால் 18 லைன் வேண்டும். ரெண்டு சர்வர் தனித்தனியாக என்றால் 36. ரெண்டையும் ஒன்றாக இணைத்தால் 20 எர்லாங்குக்கு 30 லைனே போதும்! காரணம் சிம்பிள். ரெண்டு பக்கமும் ஒரே நொடியில் கூட்டம் சேருவது அபூர்வம். ஒரு பக்கம் நெரிசல் என்றால் மறுபக்கம் சும்மா கிடக்கும் லைன் கைகொடுக்கும். நான் வாயை மூடிக்கொண்டேன்.

எர்லாங் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கஷ்டம் என்று தேடி வந்தவர்களுக்குச் சத்தம் போடாமல் உதவினார். சுமார் 20 வருஷம் அதே கம்பெனியில் உழைத்து, 1929 பிப்ரவரி 3-ல், 51 வயதில், வயிற்று ஆபரேஷனுக்குப் பிறகு இறந்துபோனார். 1946-ல்தான் அந்த அலகுக்கு உலக அளவில் அவர் பேர் வைத்தார்கள். பிற்பாடு எரிக்சன் கம்பெனி உருவாக்கிய புரோகிராமிங் மொழிக்கும் அதே பேர். வாட்ஸ்அப் சர்வர்கள் ஓடுவது அதில்தான்.

இனி அந்த ரெண்டு மார்க் கேள்வி வந்தால், விடைக்கு மேலே அவருடைய முழுப்பேரையும் எழுதிவிட்டு வாங்க. எக்ஸ்ட்ரா மார்க் கிடைக்காது. பரவாயில்லை.