மீன் தொட்டிப் பாசிக்கு நத்தை... யார் இந்த பிலிப் ஹென்றி காஸ்?

வீட்டில் கடல்நீர் மீன் தொட்டி வைத்திருக்கிறீர்களா? இன்னைக்குத் துடைச்சா நாலு நாள்ல மறுபடியும் கண்ணாடி முழுக்கப் பச்சைப் பாசி. இந்தத் தலைவலிக்கு 170 வயசு!

1810-ல் இங்கிலாந்தில் பிறந்தவர் காஸ். கல்லூரிப் பக்கமே போகாதவர். 17 வயதில் கடல் கடந்து நியூஃபவுண்ட்லாந்தில் கிளார்க் வேலை. அப்புறம் ஜமைக்காவில் பறவை ஆராய்ச்சி.

1852-ல் உடல்நலம் சரியில்லாமல் டெவன் கடற்கரைக்குப் போனார். அங்கே பாறைக்குழிகளில் கிடைத்த உயிர்களைக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்தார். 1853-ல் லண்டன் விலங்கியல் பூங்காவில் மீன் காட்சியகம் திறந்தபோது, உயிரினங்களைச் சேகரித்துக் கொடுத்தவர்களில் இவரும் ஒருவர். அடுத்த வருடமே 'தி அக்வேரியம்' புத்தகம். அந்தச் சொல்லை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தது இதுதான்.

அவருடைய கணக்கு சிம்பிள். கடற்செடிகள் ஆக்சிஜன் தரும், உயிர்கள் வாழும். வெளிச்சம் கூடினால் கண்ணாடியில் பாசி படியும். அதை மேய்வதற்குக் கடல் நத்தை. அதன் நாக்கில் வரிசையாகப் பற்கள். அருவாள் வைத்துப் புல் அறுப்பது மாதிரி பாசியைச் சுரண்டித் தின்னும்.

புத்தகம் ஹிட். ஆனால், படித்தவர்கள் கூட்டமாகக் கடற்கரைக்குக் கிளம்பி, பாறைக்குழிகளைக் காலி செய்துவிட்டார்கள். தான் நேசித்த கரை தன்னாலேயே வெறுமையானது காஸை வாட்டியதாக மகன் எட்மண்ட் பின்னாளில் எழுதினார். 1888-ல் காஸ் இறந்தார்.

இன்றும் பாசிக்கு நத்தை வாங்குகிறோம். அது வளர்த்ததா, கடலில் அள்ளியதா? கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.