ஏழைகளின் நண்பர் ஆண்ட்ரூஸ்

கேமரன் மலையில் திரிங்காப் எங்கள் ஊர். என் கொள்ளுத்தாத்தா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து சுமந்தவர். எங்களுடையது கிறிஸ்தவக் குடும்பம். பல்கலைக்கழகத்தில் சஞ்சிக்கூலி முறையைப் பற்றிப் படித்தபோது ஒரு கேள்வி என்னை உறுத்தியது. நம் மக்களைக் கப்பலேற்றி வேலை வாங்கிய துரைமார்களும் நாங்கள் படிக்கும் அதே வேதத்தைத்தானே படித்தார்கள்? அந்தக் கேள்வியைத் தன் வாழ்நாள் முழுவதும் சுமந்த ஓர் ஆங்கிலேயரைப் பிறகு அறிந்துகொண்டேன். அவர்தான் சார்ல்ஸ் ஃபிரீயர் ஆண்ட்ரூஸ்.

1871இல் இங்கிலாந்தின் நியூகாசலில் பிறந்தவர் ஆண்ட்ரூஸ். கேம்பிரிட்ஜில் படித்து, பாதிரியாராகி, 1904இல் டில்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார். முதல்வர் பதவி ஆங்கிலேயருக்கே உரியது என்று பலரும் நினைத்த காலம் அது. அங்கே மூத்த ஆசிரியராக இருந்த சுசில் குமார் ருத்ராவுக்கே அந்தப் பதவி கிடைக்க வேண்டும் என்று ஆண்ட்ரூஸ் உறுதியாக நின்றார். ருத்ரா அக்கல்லூரியின் முதல் இந்திய முதல்வரானார்.

கோகலே கேட்டுக்கொண்டதால், 1914 ஜனவரியில் நண்பர் பியர்சனுடன் தென்னாப்பிரிக்கா சென்றார். டர்பன் துறைமுகத்தில் காந்தியைக் கண்டதும் குனிந்து அவர் காலைத் தொட்டார். ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் ஓர் இந்தியரின் காலைத் தொடுவதா என்று அங்கிருந்த வெள்ளையர் பலர் கொதித்தார்கள். எல்லாரும் கடவுளின் பிள்ளைகள் என்று ஆலயத்தில் கேட்டவர்கள்தான் அவர்களும்.

மறு ஆண்டு இருவரும் பீஜித் தீவுக்குப் போனார்கள். 1879இல் தொடங்கி ஏறத்தாழ 60,000 இந்தியர்கள் அங்கே கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து தமிழரும் தெலுங்கரும் போனார்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம், கொடுத்த வேலையை முடிக்காவிட்டால் அபராதம் அல்லது சிறை. 100 ஆண்களுக்கு 40 பெண்கள் என்ற கணக்கில் ஆள் அனுப்பியதால் குடும்ப வாழ்க்கையே சிதைந்தது. தற்கொலைகள் பெருகின. ஆண்ட்ரூஸ் லயங்களுக்கே போய்ப் பார்த்து, கேட்டு, எழுதினார். 1916இல் வெளியான அந்த அறிக்கை இந்தியாவை உலுக்கியது. 1917இல் ஆள் சேர்ப்பு நின்றது. 1920 ஜனவரி 1இல் பீஜியில் மிச்சமிருந்த ஒப்பந்தங்களும் ரத்தாயின. நன்றியுள்ள மக்கள் அவரை தீனபந்து என்று அழைத்தார்கள். எளியவரின் உறவினர் என்று பொருள். அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரஸின் தலைவராகவும் ஆனார். 1940 ஏப்ரல் 5ஆம் நாள் கல்கத்தாவில் காலமானார்.

அவர் புது மதம் எதையும் கண்டுபிடிக்கவில்லை. எளியவனுக்குச் செய்தது எனக்கே செய்தது என்ற இயேசுவின் போதனையை அப்படியே எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். ஒப்பந்தம் எழுதிய அதிகாரிகளும் ஆலை நடத்திய முதலாளிகளும் அதே போதனையைக் கேட்டார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமையோடு அதை மூடி வைத்துவிட்டார்கள். வேறுபாடு நம்பிக்கையில் இல்லை, திங்கட்கிழமையில் இருந்தது.

இது பழைய கதை என்று ஒதுக்கிவிட முடியவில்லை. இன்று எங்கள் மலையில் காய்கறித் தோட்டங்களிலும் தேயிலைக் காடுகளிலும் குனிந்து நிற்பவர்கள் பங்களாதேஷ், நேப்பாளம், மியன்மார் நாட்டவர்கள். அவர்களும் கடன் வாங்கி, கடல் கடந்து, ஒப்பந்தத்தோடு வந்தவர்கள். அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் நாட்டின் பெயரைச் சுருக்கி ஏளனமாக விளிப்பவர்களில் நம்மவர்களும் உண்டு. ஆலயத்திலிருந்து வெளியே வந்த வாயும் அப்படிப் பேசக் கேட்டிருக்கிறேன். ஒரு காலத்தில் நம் தாத்தாக்களைக் கூலி என்று அழைத்த குரல்தான் அது.

சக மாணவர்களே, ஆலயமோ கோயிலோ பள்ளிவாசலோ, நாம் எங்கே வணங்கினாலும் ஆண்ட்ரூஸ் நமக்கு வைக்கும் தேர்வு ஒன்றுதான். நம் கடையில், தோட்டத்தில், விடுதியில் வேலை செய்யும் அந்நியத் தொழிலாளியின் பெயர் நமக்குத் தெரியுமா? அவருக்குச் சம்பளம் சரியாகக் கிடைக்கிறதா? கேட்டுப் பார்ப்போம்.